காண்ட்ராக்ட் எடுப்பதா, பொருள் செய்து கொடுப்பதா? அரசு ஒப்பந்தத் தொழிலுக்கு வரும் இளைஞருக்கு ஓர் ஒப்பீடு

அரசு காண்ட்ராக்ட் என்றதும் ரோடு, வடிகால், பள்ளிக் கட்டடம், ஓரமாக ஒரு ஜேசிபி என்றுதான் பலர் மனதில் படம் ஓடுகிறது. ஆனால் அதே அலுவலகங்கள்தான் மேசை, பெஞ்சு, பெயர்ப்பலகை, அச்சடித்த பதிவேடு, சீருடை, தரை துடைக்கும் திரவம், மின் பேனல் பெட்டி என ஆண்டு முழுக்க வாங்கிக்கொண்டும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் டிப்ளமோ, ஐடிஐ, பொறியியல் படித்தவர்களுக்கு முன்னால் இருக்கும் இரண்டு முக்கியப் பாதைகள் இவை: கட்டுமான வேலை எடுப்பது, பொருள் வழங்குவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் ஐந்து லட்சத்துக்குள் முதல், குடும்பச் சொத்துப் பலம் பெரிதாக இல்லை, வயது முப்பதுக்குள் என்றால், ஒரு பொருளைத் தானே சிறிய அளவில் செய்து வழங்குவதுதான் நல்ல தொடக்கம். கட்டுமானம் மோசமான தொழில் என்று இதற்குப் பொருள் இல்லை. போட்ட பணம் எத்தனை நாள் வெளியே நிற்கும் என்ற ஒரே கேள்விதான் இந்த முடிவைத் தீர்மானிக்கிறது.

பதிவு வேலைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கட்டுமானத்துக்குப் பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலை, உள்ளாட்சி என்று எங்கே வேலை வேண்டுமோ அங்கே வகுப்பு வாரியாக ஒப்பந்ததாரர் பதிவு வேண்டும். அதற்குத் தாசில்தாரிடம் வாங்கும் சொத்துமதிப்புச் சான்று, அதாவது சால்வன்சி, பெரிய தடை. அதோடு பான், ஜிஎஸ்டி, மாநில டெண்டர் தளத்தில் விலைப்புள்ளி ஏற்ற மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து. பொருள் வழங்கக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு, ஜிஎஸ்டி, பிறகு 2016 முதல் இயங்கும் மத்திய அரசின் ஜெம் மின்சந்தையில் விற்பனையாளர் கணக்கு. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தை, அதாவது சிறு தொழிலர் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையை, தேர்ந்துவிடாதீர்கள். அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்ப முடியாது, ஜெம் ஆர்டரோ எந்த மாநிலத்திலிருந்தும் வரும்.

கட்டுமானத்தில் பணம் எங்கே நிற்கிறது?

20 லட்ச ரூபாய்க்கு ஒரு வடிகால் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியைத் தனியே விட்டுவிடுவோம். விலைப்புள்ளியோடு முன்வைப்புத் தொகை, அதாவது இஎம்டி, மாநிலத் துறைகளில் பொதுவாக 1 சதவீதம்: 20,000. ஒப்பந்தம் போடும்போது பாதுகாப்பு வைப்பைப் பொதுவாக 2 சதவீதமாக நிரப்பச் சொல்வார்கள்: மொத்தம் 40,000. மதிப்பீட்டை விட மிகவும் குறைத்துக் கேட்டு வேலையைப் பிடித்திருந்தால் கூடுதல் வைப்பும் கட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான்.

அடுத்து பில்லில் போகும் பிடித்தம். நிறுத்திவைப்பு, அதாவது பிறகு தருவதாகப் பிடித்துவைக்கும் தொகை, பொதுவாக 5 சதவீதம், வருமான வரி தனிநபருக்கு 1 சதவீதம், ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி டிடிஎஸ், அதாவது பில்லிலேயே பிடிக்கும் ஜிஎஸ்டி, 2 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம். கூட்டினால் 9 சதவீதம், 1,80,000 ரூபாய். வருமான வரியை ரிட்டர்ன் போடும்போது சரிக்கட்டலாம். ஜிஎஸ்டி டிடிஎஸ் உங்கள் ரொக்கக் கணக்கேட்டுக்கு வந்துவிடும், ஆனால் தளத்தில் நீங்களாகப் போய் ஏற்றுக்கொண்டால்தான் வரும். நிறுத்திவைப்பில் ஒரு பகுதி, வேலை முடிந்தபின் வரும் பழுதை நீங்களே சரிசெய்ய வேண்டிய குறைபாடு பொறுப்புக் காலம் முடியும்வரை வராது. வேலையில் உங்கள் லாபம் 10 சதவீதம், இரண்டு லட்சம் என்றால், முடித்த அன்று கையில் இருப்பது ஏறக்குறைய வெறும் காகித லாபம்.

இது பில் நேரத்துக்கு வந்தால். பில் நேரத்துக்கு வர, கான்கிரீட் கியூப் சோதனை முடிவு வேண்டும். 150 மில்லிமீட்டர் கியூபை 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைக்கிறார்கள், ஆக கடைசியாகப் போட்ட கான்கிரீட்டுக்கே நான்கு வாரம் போய்விடுகிறது. பிறகு பொறியாளர் எம்-புக்கில், அதாவது முடித்த வேலையின் அளவுப் பதிவேட்டில், அளவு ஏற்ற வேண்டும், மேலதிகாரி சரிபார்க்க வேண்டும், அதன்பின் நிதி ஒதுக்கீடு வந்திருக்க வேண்டும். சின்ன வேலைகளில் பகுதி பில் ஒன்றோ இரண்டோதான் போடுவார்கள். முதல் பில் தள்ளிப்போனால், முழு 18 லட்சச் செலவையும் நீங்களே தாங்கி நிற்கிறீர்கள். அதில் 10 லட்சத்தை வெளியே இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி நான்கு மாதம் ஓட்டினால் வட்டி மட்டும் 80,000. இரண்டு லட்ச லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே போயிற்று. பல இளைஞர்கள் இந்தத் தொழிலை விட்டு ஓடியதற்குக் காரணம் வேலை தெரியாதது இல்லை, இந்த வட்டிதான்.

களத்தில் தவறுவது பெரும்பாலும் விலைப்புள்ளி போடும்முன் இடத்தை நேரில் பார்க்காததால். குறுக்கே நிற்கும் மின்கம்பத்தை யார் நகர்த்துவது, ஊற்றுத் தண்ணீர் இறைக்க மோட்டார் எத்தனை நாள் ஓடும், தோண்டினால் பாறை வருமா, எம்-சாண்ட் எத்தனை கிலோமீட்டரிலிருந்து வர வேண்டும் என்ற நான்கையும் எழுதிவைக்காமல் விலை போடக் கூடாது. மதிப்பீட்டில் இல்லாத கூடுதல் வேலையை வாய்மொழிச் சொல்லை நம்பிச் செய்தால், அதற்கான அனுமதி எழுத்தில் வரும்வரை எம்-புக்கில் ஏறாது. குறுகிய கால வேலைகளில் விலை ஏற்ற இறக்கத்துக்கு ஈடு தரும் விதி பெரும்பாலும் இருக்காது. கம்பி விலை ஏறினால் அது உங்கள் தலையில்தான்.

பொருள் வழங்கலில் அதே கணக்கு

60 இரும்பு டெஸ்க்-பெஞ்சு, ஒன்று 5,000 வீதம், 3 லட்ச ரூபாய் ஆர்டர். இரும்பு, பலகை, பெயின்ட், வெல்டர் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 2,60,000 என்று வையுங்கள். லாபம் 40,000, கட்டுமானத்தை விடப் பார்க்கச் சின்னது. ஆனால் செய்ய 20 நாள். பொருள் போய்ச் சேர்ந்தபின் பெறுபவர் சரிபார்த்து ஏற்புச் சான்று தர வேண்டும், ஜெம் விதிப்படி அந்தச் சான்றிலிருந்து 10 நாளுக்குள் பணம் வர வேண்டும். நடைமுறையில் இரண்டரை மாதம் என்று திட்டமிடுங்கள், அலுவலகத்துக்கு அலுவலகம் இது மாறும். அப்படியே ஆனாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு முறை அதே 2,60,000 சுழன்றால் லாபம் 1,60,000 வரை. இரும்புக்கடையில் 30 நாள் கடன் கிடைத்தால் கையிலிருந்து போவது இன்னும் குறையும்.

வருமான வரிப் பிடித்தம் இந்த அளவுச் சரக்கு விற்பனைக்குக் கிடையாது. ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம் உண்டு. இன்னொன்று கவனம்: இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டியை, அரசுப் பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதமே கட்ட வேண்டும். 3 லட்சத்துக்கு 18 சதவீதம் 54,000. உள்ளீட்டு வரி, அதாவது இரும்பும் பெயின்டும் வாங்கும்போதே கட்டிய ஜிஎஸ்டி, கழித்த மீதியைத் தனியே எடுத்துவைக்காதவர் இங்கேதான் மூச்சுத் திணறுவார். இரும்புக்கடைக்காரர் ஜிஎஸ்டி பில் தராமல் விலையைக் குறைத்தால் வாங்காதீர்கள், உள்ளீட்டு வரி போய்விடும்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பெஞ்சை அலுவலகம் நிராகரித்தால் அதைத் திருத்தி ஒரு தனியார் பள்ளிக்கோ டியூஷன் சென்டருக்கோ விற்கலாம், விலை குறைந்தாலும் இரும்பு இரும்புதான். பாதியில் நின்ற வடிகாலை யாருக்கு விற்பது? முதல் மூன்று ஆண்டில் ஒரு தவறு நிச்சயம் நடக்கும். அந்தத் தவறின் விலை இரண்டு லட்சமா பத்து லட்சமா என்பதுதான் ஒருவர் இத்தொழிலில் நிலைப்பாரா என்பதை முடிவு செய்கிறது.

ஆனால் வாங்கி விற்காதீர்கள்

பொருள் வழங்கல் என்றதும் மொத்த விலைக்கு வாங்கி ஜெம்மில் விற்கலாம் என்று பலர் இறங்குகிறார்கள். குறுசிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் கொள்கையின் சலுகைகள் தானே உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வியாபாரி உத்யம் பதிவு வைத்திருந்தாலும் அவை பொருந்தாது. கட்டுமான ஒப்பந்தங்களும் இந்தக் கொள்கைக்கு வெளியே நிற்கின்றன. சலுகைகள் சாதாரணமானவை இல்லை: மத்தியக் கொள்முதலில் இஎம்டியும் டெண்டர் கட்டணமும் கிடையாது, உங்கள் விலை மிகக் குறைந்த விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவந்து ஆர்டரில் பங்கு பெறலாம். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் குறுசிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதில் 4 சதவீதம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்துபவற்றிடமும் 3 சதவீதம் பெண்கள் நடத்துபவற்றிடமும். ஆக உத்யம் பதிவில் உற்பத்தி என்று போட்டு, உண்மையாகவே ஒரு வெல்டிங் செட்டும் ஒரு கட்டிங் மிஷினும் வைத்துச் செய்யுங்கள். வேறெங்கோ வாங்கி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியது தெரிந்தால் கணக்கு முடக்கப்படும்.

பொருளைத் தேர்வதில் ஒரு விதி போதும்: தொழில்நுட்ப விவரக்குறிப்பை நீங்களே அளந்து காட்ட முடிகிற பொருள். டெண்டரில் குழாய்த் தடிமன் 1.6 மில்லிமீட்டர் என்று இருக்க, கடையில் 1.6 என்று சொல்லி 1.4 கொடுப்பார்கள். வெர்னியர் இல்லாமல் இரும்பு வாங்கினால் நிராகரிப்பு நிச்சயம். தாமதத்துக்கு வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் அபராதம். 40,000 லாபத்தில் மூன்று வாரம் தாமதித்தால் 4,500 போகும். பெரிய மதிப்பு ஆர்டரில் 3 முதல் 5 சதவீதம் செயல்பாட்டு உத்தரவாதமும், அதாவது ஒப்பந்தப்படி முடித்துத் தருவதற்கான வைப்பும், கேட்பார்கள், இஎம்டி விலக்கு அதற்குப் பொருந்தாது.

பணம் இழுத்தால், 2006 குறுசிறு நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் ஆனதும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி உங்கள் உரிமை. தாமதப் பணத்துக்காக அமைச்சகத்தின் இணையதளத்தில் மனு போடலாம். கட்டுமான ஒப்பந்தத்துக்கு இது செல்லுமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. பொருள் செய்து கொடுப்பவருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் மனு போடுவதில்லை. அந்தப் பயம் புரிந்துகொள்ளக் கூடியதே, ஆனால் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடிப்பதற்குப் பயம் வேண்டியதில்லை.

கட்டுமானம் ஜெயிக்கும் இடம்

ஏணி என்று பார்த்தால் கட்டுமானம்தான் பலமானது. முடித்த வேலைக்கான சான்று அடுத்த வேலைக்குத் தகுதியாகிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் 2002 வழிகாட்டுதலைப் பல டெண்டர்கள் பின்பற்றுகின்றன: கடந்த ஏழு ஆண்டில் அதே வகை வேலையில் 80 சதவீத மதிப்பில் ஒன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 40 சதவீதத்தில் மூன்று. 50 லட்ச வேலைக்கு 20 லட்ச வேலை மூன்று போதும். எட்டு ஆண்டு தாக்குப்பிடித்தவருக்கு இந்தச் சான்றுகளே மற்றவர் ஏற முடியாத மதில். பொருள் வழங்கலில் அப்படி ஒரு மதில் மெதுவாகத்தான் எழும், விலைப்போட்டி எப்போதும் கழுத்தை நெரிக்கும். வீட்டில் ஏற்கெனவே மிக்சரும் சென்ட்ரிங் பலகையும் இருக்கிறவர், அல்லது ஒரு ஒப்பந்ததாரரிடம் மூன்று வருடம் சைட் பார்த்து எம்-புக் எழுதத் தெரிந்தவர், கட்டுமானத்துக்கே போகலாம். அவருக்கு இந்தக் கட்டுரையின் சாய்வு பொருந்தாது.

காவலர், துப்புரவு ஆள் அனுப்பும் மனிதவள ஒப்பந்தம் மூன்றாவது வழி. எளிது போலத் தெரியும். பத்துப் பேருக்கு மாதம் 15,000 என்றால் ஒன்றரை லட்சம் சம்பளம், அதன்மேல் தொழிலாளர் வைப்புநிதியும் இஎஸ்ஐயில் முதலாளி பங்கு 3.25 சதவீதமும். அரசுப் பில் வராவிட்டாலும் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும். இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் வைக்க முடியாதவர் பக்கத்திலேயே போக வேண்டாம். ரயில்வேயிலும் பாதுகாப்புத் துறையிலும் விற்பனையாளர் ஒப்புதல் முறை தனி, அங்கே மேலே சொன்ன நாள்கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பொருள் வழங்கத் தொடங்குகிறவர் ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் முதல் இரண்டு சின்ன ஆர்டர்களை முடித்துவிடப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஆர்டர்கள் குவியும், நிதியாண்டு முடிவதற்குள் ஏற்புச் சான்றும் பில்லும் போகாவிட்டால் புது ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க நேரும். மார்ச் 10-க்குப் பிறகு அனுப்ப வேண்டிய எந்த ஆர்டரையும், அந்தப் பணம் ஜூனுக்கு முன் வராது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அப்படியும் தாங்கும் என்றால் மட்டும் எடுங்கள்.