அறுவடை இயந்திர ஏற்றுமதி: ஜெர்மனியின் வழியா, ஜப்பானின் வழியா?

ஜெர்மனியின் பலம் பெரிய கம்பைன், அதாவது கதிரை அறுத்து, அடித்து, தானியத்தைப் பிரிக்கும் இயந்திரம். அங்கே ஹார்ஸ்விங்கெல் ஊரில் கிளாஸ் நிறுவனத்தின் ஆலை, ஸ்வைப்ரூக்கன் ஊரில் ஜான் டீர் நிறுவனத்தின் ஆலை. கோதுமை வயலுக்கான ராட்சத இயந்திரத்தை உள்நாட்டிலேயே செய்து, முன்பக்க வெட்டும் பகுதியைத் தனியாகக் கழற்றி அனுப்புகிறார்கள். வேலையும் வருமானமும் பெரும்பாலும் அங்கேயே தங்கும்.

ஜப்பான் ஆட்கள் சேற்றைப் புரிந்தவர்கள். குபோட்டா, யன்மார் நிறுவனங்கள் இரண்டும் நெல்லுக்காக, சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் சின்ன இயந்திரங்களைச் செய்கின்றன, அதில் கதிரை மட்டும் உள்ளே இழுத்து வைக்கோலை முழுசாக வெளியே விடுகிற வகையும் உண்டு. அப்புறம், குபோட்டா தாய்லாந்திலேயே ஆலை போட்டுக் கம்பைன் செய்கிறது. அந்த விற்பனை ஜப்பானின் ஏற்றுமதிக் கணக்கில் வராது.

சரி, எது மேல்? நாட்டின் கணக்குக்கு ஜெர்மனி வழி. ஆனால் வாங்குகிற விவசாயி பக்கம் நின்றால் எனக்கு ஜப்பான் வழிதான் பிடிக்கிறது, ஏனென்றால் நெல் சாய்ந்து கிடக்கும்போது பெல்ட் அறுந்தால் உதிரிபாகம் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.