‘சுத்தக் கொட்டன்’ என்று வாங்கிய நூல் மாமியின் கையில் உருகி ஒட்டியது

முகநூலில் படம் போட்டு விற்கிற நூலை ‘100% கொட்டன்’ என்று நம்பி வாங்கி, அதில் சட்டிபிடியோ, சூட்டுச் சட்டி வைக்கிற விரிப்போ பின்னி வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து இன்றைக்கே அந்த நூலில் ஒரு துண்டை வெட்டி எரித்துப் பாருங்கள். எப்படி எரிப்பது, எதைக் கவனிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குத் திருகோணமலை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சமையலை முடித்து, குசினியை ஒதுக்கிய பிறகு கிடைக்கிற நேரத்தில் குரோஷே பின்னுவேன். மகளுக்குத் தொப்பி, பை என்று தொடங்கியது. பிறகு சொந்தக்காரர், அயலவர் என்று கேட்கத் தொடங்கினார்கள். அதிகம் கேட்பது குசினிச் சாமான்தான். குடிபூரலுக்கும் கலியாணத்துக்கும் கொடுக்க, இரண்டு சட்டிபிடியும் ஒரு மேசை விரிப்பும் சேர்ந்த செட்டைத்தான் விரும்பி எடுப்பார்கள்.

தொப்பிக்கும் பொம்மைக்கும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் போதும். அது மத்திய வீதிப் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். அடுப்பங்கரைக்குப் பின்னுவதென்றால் பருத்தி நூல்தான் வேண்டும். நல்ல தடித்த கொட்டன், கேட்ட நிறத்தில், ஒரே சாயத்தில் பத்து உருண்டை எனக்கு இங்கே கிடைத்ததில்லை. அதனால்தான் முகநூலில் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘மில்க் கொட்டன்’ என்று விற்கிற நூல் பெரும்பாலும் கலப்பு என்பது பின்னுகிற ஆட்களுக்குத் தெரியும். பெயரில் கொட்டன் இருந்தாலும் உள்ளே அக்ரிலிக்கோ பொலியெஸ்டரோ இருக்கும். ஆகவே வாங்க முன்பே எழுதிக் கேட்டேன்: “இது மில்க் கொட்டன் இல்லைத்தானே? சட்டி பிடிக்கிறதுக்குப் பின்னப் போறேன்.” வந்த பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: “இல்லை அக்கா, இது சுத்தக் கொட்டன். சட்டிபிடிக்கு நிறையப் பேர் எடுக்கிறாங்க, பயப்படாம எடுங்க.” ஐம்பது கிராம் உருண்டை 480 ரூபா. மில்க் கொட்டனைவிட நூறு ரூபாவுக்கு மேல் கூட. சுத்தப் பருத்தி என்றால் அந்த விலை நியாயம்தான் என்று எடுத்தேன்.

பார்சல் கூரியரில் வந்தது. காசைக் கொடுத்த பிறகுதான் திறக்கலாம் என்றார் கொண்டுவந்த தம்பி. அவர்மேல் குற்றமில்லை, அவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். திறந்தால் கிறீம் நிறமும் மஞ்சள் நிறமும், கேட்டபடியே அழகான உருண்டைகள். ஒவ்வொன்றிலும் பஞ்சுக் காய் படம் போட்ட பச்சை லேபிள், அதில் ஆங்கிலத்தில் ‘100% கொட்டன்’. கொஞ்சம் மினுமினுப்பு இருந்தது. கொட்டனிலும் மினுக்கு வரும். நூலைக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துகிற மெர்சரைஸ் முறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜோன் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். அப்படிச் செய்த பருத்தி பட்டுப்போல மின்னும். ஆகவே மினுக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தொட்டுப் பார்த்தும் சொல்ல முடியாது. இப்போதைய செயற்கை நூல் அவ்வளவு மெத்தென்று வருகிறது.

சட்டிபிடியை இரட்டைத் தடிப்பாகத்தான் பின்னுவேன். கடைசியாக முடித்த வரிசையின் கண்ணையும் அதற்கு முந்திய வரிசையில் குத்தாமல் விட்ட கண்ணையும் சேர்த்துக் குத்தி எடுத்தால் இடையில் துவாரமே விழாது. அப்படிப் பின்னிய சோடி ஒன்றை மாமிக்குக் கொடுத்தேன். மாமி அதைக் கொண்டு சோற்றுப்பானை இறக்கினார், புட்டுப்பானை இறக்கினார், மீன்குழம்புச் சட்டியைப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. “நல்லாச் சூடு தாங்குது பிள்ளை” என்று பெரியம்மாவுக்கும் காட்டினார்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுவோம். தண்ணீர் கொதிக்கிற பாத்திரம் நூறு பாகையைச் சுற்றித்தான் நிற்கும். அந்தச் சூட்டுக்கு அக்ரிலிக்கோ பொலியெஸ்டரோ உருகாது. வெறும் தாச்சி அப்படியில்லை. தண்ணீரும் எண்ணெயும் இல்லாமல் வறுக்கிற இரும்பு, காஸ் அடுப்பில் 250 பாகையைச் சுலபமாகத் தாண்டிவிடும். பொலியெஸ்டர் ஏறத்தாழ 250, 260 பாகையில் உருகும். அக்ரிலிக் அதற்கு முன்பே இளகி ஒட்டத் தொடங்கும். பருத்தி உருகவே உருகாது. மிஞ்சினால் கருகும், புகை வரும், மணம் வரும், கையை எடுக்க நேரம் கிடைக்கும்.

அன்றைக்கு மாமி கறித்தூள் வறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தூள் கடையில் வாங்குவதில்லை. மல்லியை வறுத்து இறக்கி, பிறகு பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, கடைசியாகத்தான் செத்தல் மிளகாய். அதற்குள் இரண்டு காது வைத்த அந்தப் பெரிய இரும்புத் தாச்சி அடுப்பிலேயே நெடுநேரம் இருந்துவிடும். அடுப்புச் சுவாலை பக்கத்தால் ஏறி அந்தக் காதுகளையும் நக்கும். மிளகாய் ஒரு நிமிடம் கூடினாலும் கருகிவிடும், தூள் முழுக்கக் கைத்துப்போகும். அதனால் சடாரென்று இறக்கிச் சுளகில் கொட்ட வேண்டும். மாமி இரண்டு பிடியையும் எடுத்துத் தாச்சியைத் தூக்கினார். அடுப்புக்கும் மேசைக்கும் இடையில் வலது கைப்பிடி வழுகத் தொடங்கியது. கீழே சின்னவன் நின்றபடியால் தாச்சியைப் போடவும் முடியவில்லை. எப்படியோ மேசையில் வைத்துவிட்டுத்தான் கத்தினார்.

நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது பிடி தாச்சிக் காதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் உள்பக்கம் உருகி, பெருவிரலின் சதையிலும் பக்கத்து விரலிலும் ஒட்டியிருந்தது. “இழுக்காதீங்கோ மாமி, விடுங்கோ” என்று குழாயடிக்குக் கொண்டுபோனேன். பெரியம்மா பற்பசையோடு வந்தார், பயத்தில் வந்தவர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எரிகாயத்துக்குப் பற்பசை, நெய், ஐஸ் எதுவுமே கூடாது. ஓடுகிற சாதாரண தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். ஒட்டிய பிளாஸ்டிக்கை வீட்டில் பிய்க்கக் கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கேதான் எடுத்தார்கள். காயம் இப்போது ஆறிவிட்டது. பெருவிரல் நுனியில் மட்டும் தோல் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, இடியப்ப உரலைப் பிழியும்போது நோகிறது என்கிறார். எழுபது வயதை நெருங்குகிற ஒருவரின் கை அது.

வீட்டுக்கு வந்து அந்தப் பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தாச்சிக் காது பட்ட இடத்தில் பின்னல் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. வரிசை வரிசையாக நான் பின்னியது ஒரே தகடாகிக் கிடந்தது. நகத்தால் தட்டினால் டக் டக் என்று சத்தம். பருத்தியில் இப்படி வரவே வராது.

மிச்சம் இருந்த உருண்டையிலிருந்து ஒரு சாண் நூல் வெட்டி எரித்தேன். நீங்களும் இப்படியே செய்யலாம். வெளியில் அல்லது யன்னல் திறந்த இடத்தில், பழைய பீங்கானுக்கு மேல், நூலைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் பிடியுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைகள் வேண்டாம். மெழுகுதிரிச் சுவாலையை மெல்லக் கிட்டக் கொண்டுபோங்கள். பருத்தி சுவாலையைக் கண்டு சுருங்காது. பற்றும், கடதாசி எரிகிற மணம் வரும், அணைத்த பிறகும் நுனியில் தணல் ஓடும், மிஞ்சுவது விரலால் தொட்டால் பொடியாகிற சாம்பல். பருத்தியும் கடதாசியும் ஒரே செலுலோஸ்தான், அதனால்தான் அந்த மணம். செயற்கை நூல் நெருப்புப் படுவதற்கு முன்பே சுருண்டு பின்வாங்கும். உருகிச் சொட்டும், கரும்புகை வரும், மூக்கைக் குத்துகிற மணம் அடிக்கும். ஆறிய பிறகு நுனியில் மணிபோல ஒரு கட்டி நிற்கும், நசுக்கினால் நசியாது. ஆறும்வரை அதைத் தொடாதீர்கள். கலப்பு நூல் கொஞ்சம் ஏமாற்றும். கடதாசி மணமும் வரும், ஆனால் சாம்பலுக்குள் சின்னச் சின்னக் கட்டிகள் தட்டுப்படும். அப்படியென்றால் அதுவும் அடுப்பங்கரைக்கு ஆகாது.

எங்கள் நூலில் கடதாசி மணம் துளியும் இல்லை. கட்டி மட்டும்தான். பெயருக்குக்கூடப் பருத்தி கலந்ததாகத் தெரியவில்லை.

எல்லா உருண்டையையும் தனித்தனியாக எரியுங்கள். ஒரு பார்சலில் வந்ததெல்லாம் ஒரே நூல் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வந்ததில் கிறீம் ஒரு விதமாகவும் மஞ்சள் இன்னொரு விதமாகவும் எரிந்தது, இரண்டும் கொட்டன் இல்லை என்பதில் மட்டும் ஒற்றுமை.

அப்புறம் அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். படம், எரித்த வீடியோ, மாமியின் கை எல்லாவற்றையும் அனுப்பினேன். முதலில் “கொம்பனியிலிருந்து லேபிளோடதான் வருது அக்கா, எங்களுக்குத் தெரியாது” என்றார்கள். நூலைத் திருப்பி அனுப்புகிறேன், காசைத் தாருங்கள் என்றேன். “பின்னினதைத் திருப்பி எடுக்க ஏலாது” என்று பதில். பின்னாத உருண்டைகள் இருக்கின்றனவே என்றேன். அதற்குப் பிறகு வொய்ஸ் மெசேஜில் ஒரு ஆண் குரல்: “நீங்க நெருப்புக்கு மேல பிடிச்சிருப்பீங்க, எந்தத் துணியும் எரியும்தானே.” வாங்குவதற்கு முன் ‘பயப்படாம எடுங்க’ என்று எழுதியவர்கள் இவர்கள். அந்த வரியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பியதும் என்னைத் தடுத்துவிட்டார்கள். பக்கத்தில் நான் போட்ட கொமென்டும் போய்விட்டது. அதே படங்களோடு அதே நூல் இன்னும் விற்பனைக்கு இருப்பதை மச்சாளின் போனில் பார்த்தேன்.

காசு போனது ஒருபுறம் இருக்கட்டும். என்னைக் கொதிக்க வைப்பது வேறு. இந்த நூலில் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து நாலு காசு சம்பாதிக்கிற பெண்கள். அவர்கள் பின்னியதை வாங்குகிறவர் அவர்களின் சொல்லைத்தான் நம்பி வாங்குகிறார். முகநூல் பக்கத்துக்காரன் சொன்ன பொய்யை நாங்கள் எங்கள் வாயால், எங்கள் ஊர்ச் சனத்துக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இந்த நூலில் பின்னிக் கொடுத்த செட்டுகளை உப்புவெளி, சாம்பல்தீவு என்று வீடு வீடாகப் போய்த் திரும்ப எடுத்தேன். ஒரு அக்கா தோசைக்கல்லை அந்தப் பிடியால்தான் தினமும் பிடிக்கிறேன் என்று சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இப்படி நடந்தால் சும்மா விட்டுவிட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது குற்றம். முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்று கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மூன்று மாதம் என்பது முக்கியம். பின்னுகிற ஆட்கள் நூலை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத்தான் எடுப்போம், அதற்குள் காலம் போய்விடும். ஆகவே பார்சல் வந்த அன்றைக்கே எரித்துப் பாருங்கள். லேபிள், கூரியர் துண்டு, ஒரு பின்னாத உருண்டை, அரட்டையின் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் வைத்திருங்கள். முக்கியமாக, வாங்க முன் எதற்குப் பின்னப் போகிறீர்கள் என்பதை எழுதியே கேளுங்கள். அழைப்பில் சொன்னதைக் காட்ட முடியாது. எங்களிடம் எழுத்து இருந்தபடியால்தான் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க முடிந்தது.

லேபிளில் தயாரித்தவர் பெயர், எந்த நாடு, எத்தனை கிராம், எத்தனை மீற்றர், இஸ்திரிக்கைச் சூட்டு அடையாளம் இவை ஒன்றும் இல்லாமல் வெறும் ‘100% கொட்டன்’ மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். எங்களுடையதில் பஞ்சுக் காய் படத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஏற்கெனவே வாங்கியவர்கள் நூலை எறிய வேண்டியதில்லை. பை, தலைப்பட்டி, பாத்திரம் தேய்க்கிற சுருள் எல்லாம் அதில் பின்னலாம். சூடு படுகிற எதற்கும் வேண்டாம். கண்காட்சியிலோ கோயில் திருவிழாக் கடையிலோ வாங்கிய சட்டிபிடி வீட்டில் இருந்தால், ஓரத்தில் முடிச்சுப் போட்டு விட்டிருக்கிற நுனியில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எரித்தாலே போதும். சோற்றுப்பானைக்கு இத்தனை நாள் பிடித்தோமே என்று விடாதீர்கள், ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, அது முறைப்பாட்டில் இருக்கிறது. பச்சை லேபிள், பஞ்சுக் காய் படம், தயாரித்தவர் பெயர் இல்லை. இதே லேபிளோடு வேறு எங்காவது விற்பதைக் கண்டால், அல்லது உங்கள் வீட்டிலும் இப்படி உருகியிருந்தால், படத்தோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.