பேச்சுக்கு 'பிகாஸ்', கடிதத்துக்கு 'ஹேவிங்'?

ஆங்கிலத்தில் இரண்டு செயல்களை ஒரே வாக்கியத்தில் கோக்கும் வழிகளில் இரண்டைப் பார்ப்போம். 'வென்', 'பிகாஸ்', 'ஆஸ்' போட்டு எழுவாயோடு முழுதாகச் சொல்வது ஒன்று. எழுவாயை விட்டுவிட்டு வினையோடு 'இங்' சேர்த்தோ, 'மேட்' போன்ற வடிவத்தை வைத்தோ சுருக்கும் பார்ட்டிசிபிள் ஃபிரேஸ் இன்னொன்று. இரண்டாவதுதான் உசத்தியான ஆங்கிலம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. அது வாக்கியத்தில் எங்கே வருகிறது என்று பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

தொடக்கத்தில் வந்தால், பேச்சில் என் ஓட்டு 'பிகாஸ்' கட்சிக்கே. 'பீயிங் டயர்ட், ஐ வென்ட் டு பெட் ஏர்லி' இலக்கணப்படி சரிதான். ஆனால் வீட்டுப் பேச்சில் 'ஐ வாஸ் டயர்ட், ஸோ ஐ வென்ட் டு பெட் ஏர்லி' என்பதுதான் வழக்கம். 'ஹேவிங் கம்ப்ளீட்டட் மை டிகிரி' வேலை விண்ணப்பத்தில் கம்பீரமாக நிற்கும். நண்பனிடம் சொன்னால் சிரிப்பான். நடந்த கதையைச் சொல்லும்போது 'நாட் நோயிங் வாட் டு டூ, ஐ கால்ட் மை பிரதர்' போன்றவை பேச்சிலும் வரும். 'ஐ ஆம் நோயிங்' தப்பு என்று பள்ளியில் அடித்துச் சொன்னதால் இதைத் தொடவே பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் தடை 'ஆம்', 'வாஸ்' போன்றவற்றோடு வரும் தொடர்காலங்களுக்குத்தான், இதற்கு இல்லை.

எழுத்திலும் இந்தத் தொடக்க 'இங்' கொஞ்சம் ஆபத்தானது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று நாம் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம், யாருக்கும் குழப்பமில்லை. அதே பழக்கத்தில் 'ரெயினிங் ஹெவிலி, த டேங்க் ஃபில்ட் அப்' என்று எழுதினால், குளமே மழையாகப் பெய்த மாதிரி ஆகிவிடும். காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாய்தான் முன்னால் உள்ள 'இங்' வேலையையும் செய்தாக வேண்டும். 'இட் ஹேவிங் ரெயின்ட்' என்று தனி எழுவாய் கொடுத்துச் சரிசெய்யலாம், ஆனால் பழைய கோர்ட் வாசனை அடிக்கும். 'பிகாஸ் இட் ரெயின்ட் ஹெவிலி' போதும்.

'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்று எழுதினால் காய்ச்சல் ஹெட்மாஸ்டருக்குப் போய்விடுகிறது. நாம் கேலி செய்யும் பழைய லீவ் லெட்டரின் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' இந்த வம்பில் மாட்டுவதே இல்லை. கேலியை நிறுத்திக்கொள்ளலாம்.

'ஜட்ஜிங் பை த கிளவுட்ஸ், இட் வில் ரெயின்', 'கன்சிடரிங் ஹிஸ் ஏஜ்' போன்ற சிலவற்றுக்கு மட்டும் எழுவாய்க் கணக்கு பார்ப்பதில்லை. பழகிப் பழகி உரிமை வாங்கிவிட்டவை.

கடைசியில் வந்தால் ஆட்டம் தலைகீழ். 'ஐ ஹர்ட் மை பேக் லிஃப்டிங் எ சிலிண்டர்' அன்றாடப் பேச்சு. 'வைல் ஐ வாஸ் லிஃப்டிங்' என்று நீட்டினால் தப்பில்லை, ஆனால் எதற்கு? 'ஷி ஸ்பென்ட் த மார்னிங் ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ்' என்பதை 'வென்' போட்டு மாற்றவே முடியாது.

அப்புறம், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் வகை. இங்கே போட்டி 'ஹூ', 'விச்' இரண்டோடும். 'த மேன் ஸ்டாண்டிங் தேர்', 'ஷூஸ் மேட் இன் ஆம்பூர்' போன்றவற்றில் சுருக்கமே இயல்பு. 'ஹூ இஸ்', 'விச் ஆர்' எல்லாம் வெறும் சுமை. ஆனால் 'ஜன்னலை உடைத்த பையன்' வந்தால் சுருக்கம் தோற்றுவிடும். 'த பாய் பிரேக்கிங் த விண்டோ' என்றால் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள். 'த பாய் ஹேவிங் புரோக்கன் த விண்டோ' நம் பெயரெச்சத்தை அப்படியே தூக்கி வைத்தது, அங்கே எடுபடாது. அந்தப் பையனைப் பிடிக்க 'ஹூ புரோக் த விண்டோ' ஒன்றுதான் வழி.