12,400 ரூபாய் போனது: கணினியை நீங்களே அசெம்பிள் செய்யப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மணி இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. கோபம் ஆறட்டும், நாளைக்கு எழுதுங்கள் என்றாள் மனைவி. ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியும், அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். அதுவும் கைப்பேசியில். கணினிதான் ஓடவில்லையே.

புது மதர்போர்டு (கணினியின் மற்றப் பாகங்கள் எல்லாம் வந்து பொருந்தும் பலகை) என்று சொல்லி, யாரோ வாங்கிக் கெட்டுப்போய்த் திருப்பிக் கொடுத்த போர்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். விலை 12,400 ரூபாய். கேட்கப் போனால், “வீட்டில் நீங்களாகத்தானே பொருத்தினீர்கள்? நீங்கள்தான் கெடுத்திருப்பீர்கள்” என்கிறார்கள்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. சென்னை ரிச்சி தெருப் பக்கம் மாடிப்படி ஏறிப் போகும் உதிரிபாகக் கடைகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றில் ஒன்று. கண்ணாடிக் கதவு, உள்ளே மூன்று பேர், கூரை வரை அட்டைப்பெட்டிகள். பெயரை எழுதினால் நாளைக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள்; என்னிடம் ஒழுங்கான பில்கூடக் கிடையாது. அது ஏன் இல்லை என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நான் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், மலர் இவற்றுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவன். செங்கல்பட்டில் வீட்டிலேயே தொழில். பத்து வருடக் கணினி, ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் காபி குடித்துவிட்டு வரலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. ஆவணி முகூர்த்த வேலைகள் வரிசையாக நிற்கின்றன. “ஒரே கம்பெனிக் கணினியாக வாங்குங்கள், ஏதாவது என்றால் அவனைப் பிடிக்கலாம்” என்று மைத்துனர் படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் வீடியோவாகப் பார்த்து, எது எதில் பொருந்தும் என்று தாளில் எழுதி, எழும்பூரில் இறங்கி நடந்தே போனேன்.

கணினியின் மூளையான இன்டெல் கோர் ஐ5 12400 பிராசசர், அதை உட்கார வைக்கும் எல்ஜிஏ 1700 சாக்கெட் உள்ள போர்டு, 16 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றையும் பூட்டும் கேபினெட். மொத்தம் 41,600 ரூபாய். அதில் போர்டு மட்டும் 12,400.

கடையில் என்னைக் கவனித்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என் தாளை வாங்கிப் பார்த்து, “அண்ணா, நல்லாப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்” என்றான். இந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். வேறு எதையும் அவன் செய்ய வேண்டியிருக்கவில்லை. டீ வரவழைத்தான். “பிராசசர் வைப்பது மட்டும் கொஞ்சம் நுணுக்கமான வேலை அண்ணா, நானே வைத்துக் கொடுத்துவிடுகிறேன், காசு வேண்டாம். மீதியை வீட்டில் நீங்கள் ஆசையாகச் செய்யுங்கள்” என்றான். முதுகைத் திருப்பிக்கொண்டு பின்மேசையில் பெட்டியைப் பிரித்தான். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். பிராசசரும் அதன் மேல் விசிறியும் பொருத்திய போர்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, நாடா ஒட்டிக் கொடுத்தான்.

அந்த நாலு நிமிடத்தை இந்தப் பத்து நாளில் நூறு தடவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது பில். “ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் சேரும் அண்ணா, ஏழாயிரத்துச் சொச்சம் கூடும். நம் கடைச் சீட்டே போதும், வாரண்டி நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்றான். சபலம்தான், வேறென்ன. மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த சீட்டில் கிறுக்கிக் கொடுத்ததை மடித்துப் பையில் வைத்தேன். 40,000 ரொக்கம். மீதி 1,600 கைப்பேசி வழியாக, கடைப் பெயருக்குப் போகாமல் யாரோ ஒரு பெண்மணியின் சொந்தக் கணக்குக்குப் போனது.

அன்று இரவே எல்லாவற்றையும் பூட்டினேன். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. போர்டின் ஓரத்தில் சின்னதாக நாலு விளக்குகள் இருக்கும். பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் என்று எதில் தடங்கலோ அது அணையாமல் நிற்கும். எனக்கு ரேம் விளக்கு மஞ்சளாக நின்றது. பத்து நொடி கழித்துத் தானாக அணைந்து மறுபடி சுற்றும், மறுபடி அதே மஞ்சள்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். 24 பின் இணைப்பைக் கழற்றி அழுத்திச் செருகினேன். பிராசசருக்குத் தனியாகப் போகும் 8 பின் மின்இணைப்பைச் சரிபார்த்தேன். பலரும் மறந்துவிடுவது அதைத்தான், நான் மறக்கவில்லை. ரேமை ஒன்றொன்றாக, பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது என்று மாற்றி மாற்றிப் போட்டேன். பொத்தான் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டினேன். கேபினெட் தகரத்தில் எங்காவது ஷார்ட் ஆகிறதோ என்று போர்டை வெளியே எடுத்து, அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பவர் பின்கள் இரண்டையும் தொட்டு ஓட்டினேன். அதே மஞ்சள்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள்: “புதுசு அண்ணா, முதல் தடவை நேரம் எடுக்கும், அப்படியே விட்டுவிடுங்கள்.” விட்டேன். ஒரு மணி நேரம். இரண்டாம் நாள்: “ரேமைக் கழற்றி ரப்பரால் தேயுங்கள்.” மகளின் பென்சில் பெட்டியிலிருந்து அழிரப்பர் எடுத்து அந்தத் தங்கப் பட்டைகளைத் தேய்த்தேன். பத்து வருடப் பழைய ரேமுக்குச் செய்யும் வைத்தியத்தை, உறை பிரித்து இரண்டு நாள் ஆன ரேமுக்குச் செய்துகொண்டிருக்கிறோமே என்று அப்போதுகூட உறைக்கவில்லை. மூன்றாம் நாள்: “எஸ்எம்பிஎஸ்ஸாக இருக்கும்.” அதையும் நண்பர் வீட்டில் மாட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. ரேமும் ஓடியது. நான்காம் நாளிலிருந்து போன் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள், இனி மிச்சமிருப்பது ஒன்றுதான் என்று விசிறியைக் கழற்றி, நெம்புகோலைத் தூக்கி, பிராசசரை வெளியே எடுத்தேன். இந்த வகையில் பிராசசரின் அடியில் பின் கிடையாது, வழவழப்பான புள்ளிகள்தான். பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன, 1700. ஒவ்வொன்றும் மயிரிழை போல, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நாற்று நட்ட வயல் போல வரிசை வரிசையாக மின்னியது. வலது மூலையில் மட்டும் மாடு இறங்கிப் போன தடம். எட்டு, ஒன்பது பின்கள் மடங்கிக் கிடந்தன. இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

அடுத்த நாள் வேலையைப் போட்டுவிட்டு ரயிலேறினேன். பையன் டீ தரவில்லை. உள்ளேயிருந்து இன்னொருவர் வந்தார். போர்டைக் கையில்கூட வாங்காமல், “பின் வளைந்தால் வாரண்டி இல்லை சார்” என்றார். உங்கள் ஆள்தானே பிராசசரை வைத்தார் என்றேன். பையன் என்னைப் பார்க்காமல், “நான் வைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது” என்றான். “அண்ணா” போய்விட்டது. பிறகு அந்தப் பெரியவர் கேட்டார்: “சாக்கெட் மூடி எங்கே?”

எனக்கு விளங்கவில்லை. புதிய போர்டின் சாக்கெட் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்குமாம். பின்களைக் காப்பதற்கு. வாரண்டிக்குக் கொண்டுவந்தால் அந்த மூடியோடுதான் வர வேண்டுமாம். பெட்டியைப் பிரித்தவர்கள் அவர்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு பிரித்தவர்கள். நான் கண்ணாலேயே பார்க்காத மூடியை என்னிடம் கேட்கிறார்கள்! சத்தம் போட்டேன். “முதலாளி ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள்” என்றார்கள். திங்கட்கிழமை போனேன். முதலாளி அன்றும் ஊரில் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீலக்குறி விழுந்ததோடு சரி.

நேற்று அந்தப் போர்டுக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே எடுத்துப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெட்டி மேல் ஒட்டியிருந்த வரிசை எண்ணையும் போர்டில் ஒட்டியிருந்த வரிசை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கடைசி ஆறு இலக்கம் வேறு. கணினியில் தட்டிப் பார்த்து, “இந்தப் போர்டு 2023லேயே ஒருமுறை இங்கே வந்திருக்கிறது சார், பின் வளைந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம்” என்றார். பெட்டி ஒன்று, சரக்கு ஒன்று. அப்படியானால் அந்த விசிறியை அவன் எனக்கு உதவி செய்வதற்காகப் பூட்டிக் கொடுக்கவில்லை, சாக்கெட்டை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டிக் கொடுத்திருக்கிறான். எனக்கு வயிறு எரிவது 12,400 ரூபாய்க்காக மட்டும் இல்லை, அந்த டீக்காகவும்தான்.

அங்கிருந்து நேராக மாடிப்படி ஏறினேன். எண்களைக் காட்டினேன். “இது எங்கள் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்றார் பெரியவர். சீட்டை நீட்டினேன். அதில் வரிசை எண் இல்லை, கடை முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. எஸ்டிமேட். “இது விலைப்பட்டியல் சார், யார் கேட்டாலும் கொடுப்போம்” என்றார். 12,400 ரூபாய்.

பிராசசரை நண்பர் போர்டில் வைத்துப் பார்த்தேன், உயிரோடு இருக்கிறது. அது ஒன்றுதான் ஆறுதல்.

இனி வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன், கண் எரிகிறது. பெட்டியை உங்கள் கண் முன்னால், உங்கள் கையாலேயே பிரியுங்கள். சாக்கெட் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், அதைக் கழற்றிய பிறகும் தூக்கி எறியாதீர்கள். பெட்டி எண்ணும் போர்டு எண்ணும் பில்லில் ஏறும் எண்ணும் ஒன்றா என்று படமெடுத்துக்கொள்ளுங்கள். இலவசமாகப் பொருத்தித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் நின்று பாருங்கள். 18 சதவீதத்துக்கு ஆசைப்படாதீர்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான வணிகமுறை என்று இப்போது படிக்கிறேன், முன்னால் படித்திருக்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் காலையில் அழைக்கப் போகிறேன். அந்த 1,600 ரூபாய் போன கணக்கு விவரம் மட்டும்தான் கையில் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை என்கிறார்கள், பார்ப்போம்.

மூன்று கல்யாணப் பத்திரிகை பாக்கி இருக்கிறது, ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். வேறு போர்டு வாங்கியாக வேண்டும். அதற்கு மறுபடி 12,400 ரூபாய் கடன் கேட்டு விடிந்ததும் மைத்துனர் வீட்டுக்குப் போகிறேன். அவர் என்ன சொல்வார் என்பது தெரியும்.