மக்காவ் பயணம்: இலவசமாகக் கிடைப்பவற்றுக்கு 24,000 ரூபாய் கட்டிய அனுபவம்

2024 நவம்பரில் நானும் என் மனைவியும் 19 வயது மகனும் ஹாங்காங், மக்காவ் சென்று வந்தோம். மூவருக்கும் அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர்போன மக்காவ் என்றவுடன் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்திருப்பேன் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே நான் ஒரு காசுகூடப் பந்தயம் கட்டவில்லை. தொலைத்ததில் பெரும்பகுதி, விமானம் ஏறுவதற்கு முன்பே சென்னையில் ஒரு பயண முகவரின் மேசையில் தொலைந்தது. அதே தொகுப்பை அவர் இன்றும் விற்றுவருவதால் இதை எழுதுகிறேன்.

ஐந்து நாள் தொகுப்புக்கு நபருக்கு 1,10,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். முன்பணம் கட்டிய பிறகு, கூடுதல் கட்டணங்கள் என்று கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார். மக்காவ் விசாவுக்கு நபருக்கு 4,500, ஹாங்காங் முன்பதிவுக்கு 2,000, கேசினோ நுழைவுச்சீட்டுக்கு 1,500 என மூவருக்குமாக 24,000 ரூபாய் அதில் இருந்தது. “எல்லாம் அங்கே கட்ட வேண்டியது சார், எங்களுக்கு இதில் ஒரு பைசாகூட நிற்காது” என்றார். வெளிநாடு போய்ப் பழக்கமில்லாத நான், இந்த மூன்றில் ஒன்றையாவது இணையத்தில் தேடிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மக்காவ் படகுத்துறையில் இறங்கியபோது முதல் சந்தேகம் எழுந்தது. குடிநுழைவு அதிகாரி விசா எதையும் கேட்கவில்லை, முத்திரையும் குத்தவில்லை. எத்தனையாம் தேதி வரை தங்கலாம் என்று அச்சிட்ட சிறு துண்டுச்சீட்டு ஒன்றைக் கடவுச்சீட்டில் செருகிக் கொடுத்தார், அவ்வளவுதான். வழிகாட்டியிடம் கேட்டதற்கு, “ஆன்லைன் விசா சார், அவங்க கம்ப்யூட்டரிலேயே இருக்கும்” என்றார். நம்பினேன்.

அன்று மாலை கேசினோ வாசலில் எல்லாம் வெளிப்பட்டது. எங்களிடம் இருந்த நுழைவுச்சீட்டு, சீட்டுக்கட்டு ராஜாவின் படம் போட்ட பளபளப்பான அட்டை. வாசலில் நின்ற பாதுகாவலர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மகனிடம் மட்டும் கடவுச்சீட்டைக் கேட்டு, பிறந்த தேதியின் மேல் விரலை வைத்து, தலையசைத்தார். மக்காவில் 21 வயது நிரம்பாதவர்கள் கேசினோவுக்குள் நுழையச் சட்டம் அனுமதிப்பதில்லை. மகனின் வயதும் கடவுச்சீட்டு நகலும் முகவரிடம் ஒரு மாதமாக இருந்தும், அவனுக்கும் சேர்த்தே 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். நானும் மனைவியும் உள்ளே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தோம். எங்களிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை, ஏனென்றால் உள்ளே போவதற்குக் கட்டணமே கிடையாது.

நாங்கள் திரும்பி வருவதற்குள், வெளியே உட்கார்ந்திருந்த மகன் கைப்பேசியில் மற்ற இரண்டையும் தேடி எடுத்துவிட்டான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா இல்லாமலேயே மக்காவில் 30 நாட்கள் வரை தங்கலாம். ஹாங்காங்குக்கு 2017 ஜனவரி முதல் இந்தியர்கள் புறப்படும் முன் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஹாங்காங் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நாமே நிரப்பி அச்சிட்டுக்கொள்ளும் அந்தப் பதிவு முற்றிலும் இலவசம், ஆறு மாதம் செல்லும்.

பணமாற்று விஷயத்தில் ஏமாற்றியவர் வழிகாட்டி. மக்காவில் ஹாங்காங் டாலர் செல்லாது என்று சொல்லி, பேருந்திலேயே எங்களிடமிருந்து 2,000 டாலரை வாங்கிக்கொண்டு மக்காவ் நாணயமான பட்டாக்காவில் 2,000 கொடுத்தார். உண்மையில் 100 ஹாங்காங் டாலருக்கு ஏறத்தாழ 103 பட்டாக்கா என்பது நிலையான விகிதம். அதோடு ஹாங்காங் டாலர் அங்கே கடைகளில் தாராளமாகப் புழங்குகிறது, கேசினோ மேசைகளிலும் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. பட்டாக்காவோ ஹாங்காங்குக்குத் திரும்பினால் கடைகளில் செல்லுபடியாவதில்லை. போர்த்துகீசிய எழுத்தோடு கூடிய 640 பட்டாக்கா இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. சென்னையில் நான் ஏறி இறங்கிய இரண்டு நாணய மாற்றுக் கடைகளிலும் அதை வாங்க மறுத்துவிட்டார்கள்.

விடுதியும் சொன்னபடி இல்லை. பெரிய கேசினோக்கள் நிறைந்த கோட்டாய் பகுதியில் அறை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சீன எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் தங்கவைத்தார்கள். எல்லையிலிருந்து பெரிய கேசினோ விடுதிகளுக்கு அந்த விடுதிகளே இலவசப் பேருந்து விடுகின்றன. அதில் ஏற்றிவிட்டதற்கும் போக்குவரத்துச் செலவு என்று வழிகாட்டி தனியாகக் கேட்டபோது, கொடுக்க மறுத்துவிட்டேன்.

கடைசியாகத் தெரியவந்தது, டி.சி.எஸ். எனப்படும், விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு அப்போதைய விதிப்படி 5 சதவீதம் என்று 16,500 ரூபாயை முகவர் வசூலித்தார். இது சட்டப்படி வாங்க வேண்டியதுதான். நம் பான் எண்ணில் செலுத்தப்பட்டால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிகுந்தால் திரும்பப் பெறலாம். சென்ற ஆண்டு ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, நம் பெயரில் செலுத்தப்பட்ட வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை இல்லவே இல்லை. முகவரைக் கேட்டால், தணிக்கையாளர் விடுமுறையில் இருக்கிறார் என்றார். மூன்று மாதமாக அதே பதில்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். அதற்கு அடுத்த வாரமே, மக்காவ் விசா பணத்தை மட்டும் திருப்பித் தருவதாகவும் மற்றவற்றைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் முகவர் தொலைபேசியில் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கையால் எழுதிய அந்தத் தாளும், ராஜா படம் போட்ட மூன்று அட்டைகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவில் அவற்றையும் இணைத்திருக்கிறேன். இதே தொகுப்புக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள், மீதியைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கூடுதல் கட்டணத்துக்கும் அச்சிட்ட ரசீதைக் கேளுங்கள். எனக்கு இன்றுவரை ஒன்றுகூட வந்து சேரவில்லை.