கிளட்ச் பிளே: பீட்டில் கேபிளா, மினி ஹைட்ராலிக்கா?

சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம். மீதி நாளெல்லாம் ஈரக்காற்றில் சும்மா நிற்கும். கிளட்ச் கெடுவதில் ஓட்டத்துக்கு உள்ள பங்கு இந்த நிற்பதற்கும் உண்டு. கிளட்ச் பிளே, அதாவது கிளட்ச் பிடிக்கும் முன் உள்ள வெற்று இடைவெளியை, கேபிளால் இயங்கும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் எண்ணெய் அழுத்தத்தால் (ஹைட்ராலிக்) இயங்கும் மினியிலும் எப்படித் திருத்துவது என்று பார்ப்போம்.

பீட்டிலில் ஒரு ஸ்கேல் போதும். பெடலை விரலால் அழுத்தினால் 10 முதல் 20 மி.மீ. வரை லேசாகப் போய், பிறகு கனம் தட்ட வேண்டும். இந்த லேசான தூரம்தான் பிளே. கிளட்ச் டிஸ்க் தேயத் தேய அது குறையும். முழுவதும் போய்விட்டால் ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்க அழுத்தும் பேரிங்) ஓயாமல் அழுந்தி, கிளட்ச் வழுக்கும். அதிகமானாலோ கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரக்கும். திருத்தும் இடம் காருக்கு அடியில். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, இடது பின்சக்கரத்தைக் கழற்றினால் கை தாராளமாகப் போகும். கேபிள் முனையைப் பிளையரால் பிடித்துக்கொண்டு இறக்கை நட்டைத் திருப்புங்கள். பிடிக்காவிட்டால் கேபிளே முறுக்கிக்கொள்ளும். இறுக்கினால் பிளே குறையும். நட்டின் காதுகள் கிளட்ச் லீவரின் பள்ளத்தில் உட்கார்ந்ததும், பெடலை ஐந்தாறு முறை மிதித்து மறுபடி அளக்கவும். பிளே சரியாக இருந்தும் கிளம்பும்போது வண்டி உதறினால் பவுடன் குழாயை (கேபிள் உள்ளே ஓடும் வளையும் உறை) பாருங்கள். அது 25 முதல் 45 மி.மீ. தொங்கி வளைந்திருக்க வேண்டும். போதாவிட்டால் வாஷர் சேர்த்துக் கூட்டலாம்.

மினியில் (வெர்ட்டோ என்ற பிந்தைய கிளட்ச் வருவதற்கு முந்தைய வகை) ஜாக்கியே வேண்டாம், பானெட்டைத் திறந்தால் போதும். ஆனால் பெடலில் அளந்து பயனில்லை. கிளட்ச் லீவரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து, அதற்கும் ஸ்டாப் போல்ட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள்: 0.5 மி.மீ. இருக்க வேண்டும். லாக்நட்டைத் தளர்த்தி, போல்ட்டைத் திருப்பினால் முடிந்தது. பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பெடல் பாதிவரை வெறுமனே போகிறது என்று மறுபடி அதே போல்ட்டைத் திருப்புவார்கள். உண்மையில் தேய்ந்திருப்பது கிளெவிஸ் பின் (இணைப்புகளைக் கோக்கும் ஊசி), முட்டை வடிவமாகிப்போன அதன் துளை, லீவரின் உருண்டை முனை. பின்னை மாற்றாமல் போல்ட்டை எவ்வளவு திருப்பினாலும் போன மில்லிமீட்டர் திரும்பாது. பெடல் பஞ்சு போலிருந்தால் குழாயில் காற்று.

திருத்த எளிது மினிதான். ஆனால் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு பீட்டில் கேபிளே மேல்: முனைகளில் கிரீஸ் தடவினால் அது பொறுத்துக்கொள்ளும். மினியின் ஹைட்ராலிக்கில் உள்ள டாட் 4 எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி, உள்ளே துருவாக்கி, ஸ்லேவ் சிலிண்டர் (லீவரைத் தள்ளும் சிலிண்டர்) சீலைக் கெடுக்கும். இரண்டு ஆண்டுக்குள் அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள்.