கையடக்க போதைப்பொருள் சென்சாரோடு இரண்டு வருடம்

2023-இல் மட்டும் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 116 டன் கொக்கெய்ன் பிடிபட்டது. அந்த ஊர்ப் பக்கம் தடயவியல் வேதியியல் பார்க்கிறவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு வருடமாக என்னோடு இருப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பொட்டென்ஷியோஸ்டாட், அதாவது கரைசலுக்கு மின்னழுத்தம் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி. நம் வீடுகளில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டருக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்படும் பொடியில் ஒரு சிட்டிகையை பஃபரில் (pH-ஐ நிலையாக வைத்திருக்கும் கரைசல்) கரைத்து, கிராஃபைட் ஸ்ட்ரிப்பில் ஒரு துளி விட வேண்டும். மின்னழுத்தம் படிப்படியாக ஏற, கொக்கெய்ன் எலெக்ட்ரானை விடும் இடத்தில் திரையில் ஒரு மேடு எழும். ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். பொடி கறுப்பாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும் கவலையில்லை. நீலமாக மாறுகிறதா என்று பார்க்கும் பழைய கோபால்ட் சோதனையில் அதுதான் பெரிய தொல்லை.

அந்த நீலத்தை லெவமிசோலும் கொடுத்துவிடும். ஆடுமாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கிற மருந்துதான். கலப்படக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. சென்சாரிடமும் அது விளையாடும், ஆனால் நேர்மாறாக. pH 7-இல் கொக்கெய்னைவிட லெவமிசோல் அதிகமாக இருந்தால் கொக்கெய்ன் மேடே காணாமல் போகும். pH 12-க்கு ஏற்றினால் இரண்டும் தெரியும் என்று ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகக் குழு 2018-இல் எழுதியது. நானும் 12-க்கே மாறினேன்.

மாறிய பிறகுதான் பெரிய அடி விழுந்தது. நாங்களே கலந்து வைத்த, கொக்கெய்ன் இருப்பது உறுதியான மாதிரிக்குக் கருவி ‘இல்லை’ என்றது. ஸ்ட்ரிப்பை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மென்பொருளைத் திட்டினேன். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேடு இருக்கிறது, வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. மென்பொருள் அதற்கு ஒதுக்கிய கட்டத்துக்குள் தேடிவிட்டுக் கையை விரித்திருக்கிறது. குற்றவாளி பஃபர் பாட்டில். மூடியைச் சரியாகத் திருகாமல் வாரக்கணக்கில் விட்டிருந்தேன். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்து pH இறங்கிவிட்டது, அதோடு மேடும் நகர்ந்துவிட்டது.

அதனால் ‘இருக்கிறது’ என்றால் ஓரளவு நம்புவேன். ‘இல்லை’ என்றால் வரைபடத்தை என் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை. இரண்டில் எது வந்தாலும் கடைசி வார்த்தை, மூலக்கூறின் எடையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருடையதுதான்.

மற்ற குறைகள் சில்லறை. ஸ்ட்ரிப் ஒருமுறைக்குத்தான், பெட்டிக்குப் பெட்டி மேட்டின் உயரம் மாறும். விரல் பட்டால் அந்த ஸ்ட்ரிப் குப்பைக்கு. துளி வழிந்து கனெக்டருக்குள் போய் ஒருமுறை பச்சையாகக் களிம்பு பிடித்தது. ப்ளூடூத் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போதெல்லாம் பஃபரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, வாய் நிரம்ப ஊற்றித் தேதி எழுதி வைக்கிறேன். காலையில் முதல் ஸ்ட்ரிப் தெரிந்த மாதிரிக்கு. மேடு கட்டத்துக்குள் வந்தால்தான் அன்றைக்கு அடுத்த பையைப் பிரிப்பது.